கேப்டன் பதில்கள்: பெரிய சீனா, பக்கத்தில் ஆசியான்

தென்சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கொண்டாடும் ஸ்கார்பரோ திட்டைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது 2025 ஆகஸ்ட் 11 சம்பவத்தைச் சொல்லியிருந்தேன். ஒரு பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பலைத் துரத்திக்கொண்டு வந்த சீனக் கடலோரக் காவல் கப்பலும் சீனப் போர்க்கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கப்பல் வேலையில் என் காலம் பாதிக்கு மேல் அந்தக் கடலில்தான் போயிற்று என்பதால், இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசியான் மாநாடு என்றால் தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் கண்ணில் படுகிறது. சீனா தீவு கட்டுகிறது, இவர்கள் அறிக்கை விடுகிறார்கள். இப்படி ஓர் அமைப்பு எதற்கு?
கல்லூரி மாணவி, மதுரை

கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் இந்தக் கூட்டமைப்பை எதற்காகத் தொடங்கினார்கள் என்று பார்த்தால்தான் இதனால் எது ஆகும், எது ஆகாது என்று பிடிபடும்.

1967ஐ நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியா மலேசியாவோடு நடத்திய மோதல் ஓய்ந்து ஒரு வருடம்தான். மலேசியாவின் சபா மாநிலம் எங்களுடையது என்று பிலிப்பைன்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு வருடம். அந்தப் பக்கம் வியட்நாமில் போர். ஒருவரை ஒருவர் நம்பாத ஐந்து நாட்டு அமைச்சர்கள் பாங்காக்குக்குத் தென்கிழக்கே பாங் சேன் என்ற கடற்கரை ஊரில் சில நாள் தங்கினார்கள். கோல்ஃப் மைதானத்திலும் சாப்பாட்டு மேசையிலும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்து, ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். நம் நாட்டு நலனை மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம், இனி வட்டாரத்தையும் சேர்த்து நினைக்கப் பழக வேண்டும், அது வலிக்கும் என்பதுதான் அன்று அவர் பேச்சின் சாரம். எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு உண்டு.

ஆக, முதல் வேலை தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருப்பது. அந்த ஐந்து நாடுகளும் அதற்கப்புறம் ஒன்றோடொன்று போர் செய்யவில்லை. 1978 கடைசியில் கம்போடியாவுக்குள் படையோடு நுழைந்த வியட்நாமை ஆசியான் பத்து வருடத்துக்கு மேல் எதிர்த்தது. அதே வியட்நாமை 1995ல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 2025ல் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் சுட்டுக்கொண்டது இந்தச் சாதனைக்கு விழுந்த பெரிய அடி. மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம் ஜூலையில் இரு தரப்பையும் புத்ராஜெயாவில் உட்கார வைத்துச் சண்டையை நிறுத்தினார். டிசம்பரில் மறுபடியும் வெடித்தது.

சீனா வளர வளர இவர்கள் செய்தது இன்னொரு காரியம். சீனாவைத் தனியாக எதிர்கொள்ளாமல், அதைத் தங்கள் கூட்டங்களுக்குள் இழுத்துக்கொண்டார்கள். 1994ல் பாதுகாப்புப் பேச்சுக்கென்று ஒரு வட்டார அரங்கம். 2003ல், சண்டை போட மாட்டோம் என்ற தங்கள் பாலி உடன்படிக்கையில் சீனாவையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். 2005ல் கிழக்கு ஆசிய உச்சி மாநாடு தொடங்கியபோது, சீனாவின் குரல் மட்டும் ஓங்கிவிடக் கூடாது என்று இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தையும் சேர்த்தார்கள். 2011ல் அமெரிக்காவும் ரஷ்யாவும் வந்தன. வல்லரசுகள் எல்லாம் ஒரு அறையில் இருக்க வேண்டும், கூட்டத்தை நடத்துவது நாமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சிறிய நாடுகளுக்கு இது சாமர்த்தியமான கணக்கு என்றே நினைக்கிறேன். கடலில் ஒரு கப்பல் இன்னொன்றை இடிக்க வரும்போது மட்டும் அது உதவுவதில்லை.

ஒரு நாடு தலையாட்ட மறுத்தால் எல்லாமே நின்றுவிடுமாமே? இது என்ன முறை?
வங்கி அதிகாரி, சென்னை

நின்றுதான் போகும் சார். நின்றும் போயிருக்கிறது.

ஆசியானில் ஓட்டெடுப்பு கிடையாது. கலந்து பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2008ல் நடைமுறைக்கு வந்த அவர்கள் சாசனத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்தோனேசியக் கிராமத்து வழக்கத்திலிருந்து வந்த முறை என்று பெருமையாகச் சொல்வார்கள்.

2012 ஜூலையில் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த ஏப்ரலில்தான் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் சீனக் கப்பல்களும் எதிரெதிராக நின்றன. கடைசியில் சீனா அங்கேயே தங்கிவிட்டது. பிலிப்பைன்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று. வெளியுறவு அமைச்சர்களின் கூட்டறிக்கையில் ஸ்கார்பரோ என்ற பெயர் வர வேண்டும். வியட்நாமும் தன் கடல் எல்லை பற்றி ஒரு வரி கேட்டது. தலைமை நாடான கம்போடியா, இது இரு நாட்டு விவகாரம், இங்கே எழுத முடியாது என்று மறுத்தது. வரைவுக்கு மேல் வரைவு போட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிலிப்பைன்ஸ் அமைச்சர் ஆல்பர்ட் டெல் ரொசாரியோ பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் நின்றுபோனதாகச் செய்திகள் வந்தன. 45 வருடத்தில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே கூட்டம் கலைந்தது. அதற்கப்புறம் இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நத்தாலேகாவா ஊர் ஊராகப் பறந்து, ஆறு அம்சத்தில் ஒரு பொது நிலைப்பாட்டை வாங்கி மானத்தைக் காப்பாற்றினார். அதிலும் ஸ்கார்பரோ என்ற பெயர் இல்லை.

2016 ஜூனில் இன்னொன்று. சீனாவின் யூனான் மாநிலத்தில் சீன, ஆசியான் அமைச்சர்கள் கூடினார்கள். தென்சீனக் கடல் நிலவரம் கவலை தருகிறது என்று கொஞ்சம் அழுத்தமாகவே ஓர் அறிக்கையை மலேசிய வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டது. சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் பண்ணையாரிடம் கடன் பட்டவர்களாக இருந்தால், வரப்புத் தகராறைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? கம்போடியாவுக்கு அதிகம் கடன் கொடுத்திருப்பது சீனா. லாவோஸின் தலைநகர் வியன்டியனிலிருந்து சீன எல்லைவரை 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரயில் பாதை சீனக் கடனில் போட்டது. லாவோஸுக்குக் கடலே கிடையாது. திட்டும் பாறையும் அதற்கு என்ன கவலை? இந்த நாடுகளை நான் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவரவர் வயிற்றுப்பாடு அவரவருக்கு. ஆனால் கடலில் அடிவாங்குகிறவனும் கரையில் இருக்கிறவனும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று விதி வைத்தால், வரும் குரல் மெலிந்துதான் வரும்.

நான் டெக் கேடட்டாக முதல் கப்பல் ஏறப் போகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங். அந்தப் பாதை ஆபத்தானதா ஐயா?
தூத்துக்குடி

வாழ்த்துகள் தம்பி. பயப்பட வேண்டாம், ஆனால் தூங்கிவிடாதே.

ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் தென்சீனக் கடல். வடகிழக்கே போகப் போக இடப்பக்கம் வியட்நாம். வலப்பக்கம் தூரத்தில், கடல் வரைபடமான சார்ட்டில் ஒரு பெரிய பரப்பு வரும், அதன் மேல் 'டேஞ்சரஸ் கிரவுண்ட்', ஆபத்தான தளம், என்றே அச்சிட்டிருக்கும். ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம் அதற்குள்தான். பாறைகள், பவளத் திட்டுகள். பல இடங்களில் ஆழம் சரியாக அளக்கப்படவில்லை. எந்தக் கேப்டனும் அதற்குள் கப்பலை விட மாட்டார். வியாபாரக் கப்பல் எல்லாம் அதற்கு மேற்கே ஒதுங்கியே போகும். அதனால் யார் தீவு கட்டினாலும் நம் பாதையில் நேரடியாக இடைஞ்சல் இல்லை.

உனக்கு வேலை கொடுக்கப் போவது மீன்பிடிப் படகுகள். வியட்நாம் கரைக்கு அப்பால் நடுராத்திரி வாட்சில் நின்றால், அடிவானம் முழுக்கக் கணவாய் பிடிக்கும் படகுகளின் வெள்ளை விளக்குகள், ஊர்த் திருவிழா மாதிரி. ரேடாரில் புள்ளி புள்ளியாக அப்பியிருக்கும். பாதிப் படகுகள் தங்கள் இருப்பைச் சொல்லும் கருவியை அணைத்து வைத்திருக்கும். நீ விலக விலக, வலைக்கு மேல் போய்விடுவாயோ என்று உன்னை நோக்கி ஒருவன் வேகமாக வருவான். பச்சை லேசரை அடிப்பான். இந்த மாதிரி நேரத்தில் கேப்டனை எழுப்பத் தயங்காதே, அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

இன்னொரு வகையும் உண்டு. இரும்பு உடல், நீளமான கப்பல், பார்வைக்கு மீன்பிடிக் கப்பல். நாள் கணக்கில் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டு நிற்கும். வலை நனையாது. 2021 மார்ச்சில் விட்சன் திட்டருகே இப்படிச் சுமார் 220 சீனக் கப்பல்கள் நின்றதாகப் பிலிப்பைன்ஸ் எண்ணிச் சொன்னது. போர்க்கப்பலை அனுப்பினால் போர் என்று ஆகும். மீன்பிடிக் கப்பலை அனுப்பினால் என்னவென்று சொல்வது? எல்லாக் கப்பலும் கேட்கும் பொது ரேடியோ அலைவரிசையான சேனல் 16ல் ஒரு தரப்பு இது எங்கள் கடல், உடனே விலகு என்று சொல்லும். எதிர்த்தரப்பு அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும். மணிக்கணக்கில் மாறி மாறி வரும் அதை மணிலா போகும் வழியில் நான் கேட்டிருக்கிறேன். நடுவில் சின்னப் படகுக்காரன் என்ன செய்கிறான் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

ஸ்கார்பரோ திட்டு அவர்களுக்குக் கச்சத்தீவு மாதிரியா?
ராமேஸ்வரம்

முழுக்க இல்லை. கச்சத்தீவு விஷயத்தில் 1974ல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தன. மீனவர்களைக் கேட்காமல் கிழித்தார்கள் என்பது உங்கள் வருத்தம். ஸ்கார்பரோவில் ஒப்பந்தமே கிடையாது, யார் பலசாலியோ அவர் நிற்கிறார்.

உங்களுக்கு உபயோகப்படும் ஒன்று அங்கே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரியில் சீனாவுக்கு எதிராக நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 12ல் தீர்ப்பு. சீனா வரைபடத்தில் போட்ட ஒன்பது கோட்டுக்குள் வரலாற்று உரிமை என்று சொல்வதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஐந்து நடுவர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. ஸ்கார்பரோ யாருடையது என்று மன்றம் சொல்லவே இல்லை. ஆனால் அந்தத் திட்டைச் சுற்றி பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம் மீனவர்கள் எல்லாரும் காலங்காலமாக மீன்பிடித்து வருகிறார்கள், திட்டு யாருக்குச் சொந்தமானாலும் அதன் 12 மைல் கடலுக்குள் அந்தப் பாரம்பரிய உரிமை சாகாது, சீனா அவர்களைத் தடுத்தது தவறு என்றது. 12 மைலுக்கு வெளியே, 200 மைல் பொருளாதார மண்டலத்தில், அந்த உரிமை நிற்காது என்றும் சொன்னது. உங்கள் சங்கத்து வக்கீலிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். நம் ஒப்பந்தங்கள் தனி, அவை இரு நாடுகளையும் கட்டுப்படுத்தும். ஆனாலும் பாரம்பரிய உரிமை என்ற பேச்சை ஒரு சர்வதேச மன்றம் எப்படி அளந்து பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தீர்ப்பு வந்த பிறகும் லூசான் கரையில் மசின்லோக் ஊர்க்காரர்களுக்குத் திட்டின் உள்ளே போக வழியில்லை. மூங்கில் கைகள் நீட்டிய மரப்படகில் 120 மைல் போய், வாசலில் இரும்புக் கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2023 செப்டம்பரில் சீனா 300 மீட்டர் நீளத்துக்கு மிதவைக் கயிறு கட்டி அடைத்தது. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையினர் அதைக் கத்தியால் அறுத்தார்கள். அந்தப் படத்தை நான் மறக்க மாட்டேன்.

பிலிப்பைன்ஸ் அமெரிக்காவை நம்பிக் கெட்டுப்போகிறதோ? வியட்நாம் மாதிரி சாதுரியமாக இருக்கக் கூடாதா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

டீச்சர், பிலிப்பைன்ஸ் எல்லா வழியையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டது. 1991ல் அவர்கள் செனட் 12க்கு 11 என்று ஓட்டுப் போட்டு அமெரிக்கத் தளங்களை வெளியேற்றியது. 1992ல் சூபிக் கடற்படைத் தளம் காலியானது. 1995 தொடக்கத்தில் பார்த்தால் மிஸ்சீஃப் திட்டில் சீனா கொட்டகை போட்டிருந்தது. இன்று அங்கே ஓடுபாதை இருக்கிறது. 2016ல் துத்தர்த்தே அதிபராக வந்து, கையில் இருந்த தீர்ப்பை மடித்து வைத்துவிட்டுப் பெய்ஜிங்கோடு நட்பு பேசினார். கடலில் பெரிய மாற்றம் இல்லை. 2022ல் வந்த மார்கோஸ் ஜூனியர் கதவை மறுபடி திறந்தார். 2023ல் இன்னும் நான்கு முகாம்களை அமெரிக்கப் படை பயன்படுத்த இடம் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. அவர்கள் கடலோரக் காவல் படையின் மிகப் பெரிய இரண்டு கப்பல்களும் 44 மீட்டர் ரோந்துக் கப்பல்களும் ஜப்பான் கடனில் வந்தவை. 2024 ஜூலையில் ஜப்பானோடு, ஒருவர் மண்ணில் மற்றவர் படை பயிற்சி செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவிடம் பிரம்மோஸ் ஏவுகணை வாங்கினார்கள். 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலர் ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் போர்க்கப்பல்களோடு சேர்ந்து அந்தக் கடலில் முதல் முறையாக ரோந்து போனார்கள்.

ஒரே ஒரு நண்பனை நம்புவதை விட்டுப் பல பேரிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்குகிறார்கள். இதைக் கெட்டுப்போவது என்று என்னால் சொல்ல முடியாது.

வியட்நாம் வேறு கதை. அதற்குச் சீனாவோடு தரை எல்லை இருக்கிறது, 1979 போர் நினைவிருக்கிறது. 1988ல் ஜான்சன் தெற்குத் திட்டில் 64 வீரர்களை இழந்தது. ராணுவக் கூட்டணி இல்லை, அந்நியத் தளம் இல்லை, ஒருவரோடு சேர்ந்து இன்னொருவரை எதிர்ப்பதில்லை, பலத்தைக் காட்டி மிரட்டுவதில்லை என்று நான்கு 'இல்லை'களை எழுதியே வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் பைடன் ஹனோய் வந்தார், டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தார், 2024 ஜூனில் புடின் வந்தார். அதே நேரம், 2014ல் சீனா எண்ணெய்த் துரப்பண மேடையை அவர்கள் கடலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, இரண்டு மாதத்துக்கு மேல் மரக்கப்பலோடும் சிறிய ரோந்துக் கப்பலோடும் எதிரே நின்றார்கள். ஜூலையில் மேடை போய்விட்டது. வியட்நாமின் சாதுரியத்துக்குப் பின்னால் அந்தப் பிடிவாதம் இருக்கிறது. அது பிலிப்பைன்ஸிடமும் இருக்கிறது. 1999ல் இரண்டாம் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல், துருப்பிடித்து ஓட்டை விழுந்த நிலையில், இன்னும் அங்கேயே நிற்கிறது, உள்ளே கடற்படை வீரர்களோடு. 2024 ஜூன் 17ல் அதற்குச் சாமான் கொண்டுபோன ரப்பர் படகுகளை, கத்தியும் கோடாரியும் வைத்திருந்த சீனக் காவல் படையினர் மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதம் இரு தரப்பும் சாமான் அனுப்புவதற்கு மட்டும் ஒரு தற்காலிக ஏற்பாடு பேசிக்கொண்டன.

நாங்கள் பம்ப் செட் ஏற்றுமதி செய்கிறோம். ஆசியான் நாடுகள் சீனாவை எதிர்க்காமல் இருக்கக் காரணம் வியாபாரம்தானே?
கோயம்புத்தூர்

பெரும்பாலும் அதுதான். 2009லிருந்து ஆசியானின் பெரிய வியாபாரக் கூட்டாளி சீனா. 2020ல் சீனாவின் பெரிய கூட்டாளியாக ஆசியானும் ஆகிவிட்டது. 1997 நிதி நெருக்கடியில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தடுமாறியபோது சீனா தன் நாணய மதிப்பைக் குறைக்கவில்லை. அதை அவர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். 2022ல் நடைமுறைக்கு வந்த 15 நாட்டு வட்டார வணிக ஒப்பந்தத்தில் சீனா, ஜப்பான், கொரியா எல்லாரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள். இந்தியா 2019 நவம்பரில் வெளியே வந்துவிட்டது. உங்கள் போட்டியாளர் ஒருவர் சீன உதிரிபாகத்தை வியட்நாமில் பொருத்தித் தாய்லாந்துக்குச் சலுகை வரியில் விற்க முடிகிறது என்றால் அதற்கு இந்த ஒப்பந்தமும் ஒரு காரணம். உள்ளே இருந்திருந்தால் நம் சிறு தொழில் தாங்கியிருக்குமா என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

மலேசியா ஏன் வாயைத் திறப்பதே இல்லை? இங்கே இருக்கும் எங்களுக்கே புரியவில்லை.
கிள்ளான்

வாயைத் திறப்பதில்லை, ஆனால் வேலையை நிறுத்துவதும் இல்லை. சரவாக்குக்கு அப்பால் சீனக் காவல் கப்பல் சுற்றிக்கொண்டே இருக்க, உங்கள் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் எரிவாயு எடுத்துக்கொண்டே இருக்கிறது. 2021 மே 31ல் 16 சீன ராணுவ விமானங்கள் அந்தப் பக்கம் பறந்தபோது மட்டும் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். காகிதத்திலும் விடவில்லை. 2009ல் மலேசியாவும் வியட்நாமும் சேர்ந்து தங்கள் கடலடி எல்லை பற்றி ஐ.நா.வில் மனுக் கொடுத்தன. அடுத்த நாளே சீனா ஒன்பது கோட்டு வரைபடத்தைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பியது. 2019 டிசம்பரில் மலேசியா தனியாக இன்னொரு மனுப் போட்டது. அதைத் தொட்டு ஐ.நா.வுக்குக் கடிதங்கள் குவிந்தன. 2020 மே மாதம் இந்தோனேசியா எழுதிய கடிதத்தில் 2016 தீர்ப்பையே எடுத்துக்காட்டியது. பிலிப்பைன்ஸ் தனியாக வாங்கிய தீர்ப்பு இப்படி மெதுவாக அண்டை நாடுகளின் வாதமாகவும் ஆகிவருகிறது. மாநாட்டு அறிக்கையைவிட இந்தக் கடிதங்களைப் படியுங்கள்.

சேர்ந்து செய்து உருப்பட்ட காரியம் ஒன்றாவது உண்டா?
ஆட்டோ ஓட்டுநர், சேலம்

உண்டு. அதை நான் கப்பல் மேல்தளத்திலேயே பார்த்தேன் தம்பி.

2000க்குப் பிறகு சில வருடங்கள் மலாக்கா நீரிணை என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ராத்திரி அந்தப் பாதையில் நுழைவதற்கு முன் எல்லாக் கதவையும் உள்ளே தாழ் போடுவோம். தண்ணீர்க் குழாய்களைத் திறந்து இரு பக்கமும் பீய்ச்சியடிக்க விடுவோம். பின்தளத்தில் கூடுதல் ஆள். கொள்ளையர்கள் சின்னப் படகில் பின்னாலிருந்து வருவார்கள். நீளமான மூங்கிலில் கொக்கி மாட்டிக் கப்பலின் விளிம்பில் போட்டு, வெறுங்காலில் ஏறுவார்கள். இடுப்பில் பாராங் கத்தி. 2005 ஜூனில் லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுக் குழு மலாக்காவைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. ஈராக் எந்தப் பட்டியலோ அதே பட்டியல்.

அதற்கு முன்பே, 2004ல், நாங்கள் வந்து காவல் காக்கிறோம் என்ற தோரணையில் அமெரிக்கப் பசிபிக் தளபதி பேசியிருந்தார். இந்தோனேசியாவும் மலேசியாவும் வேண்டாம் என்றன. வல்லரசு ஒன்று உள்ளே வந்தால் மற்ற வல்லரசும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. அந்த ஜூலையிலேயே இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ரோந்தை ஒருங்கிணைத்தன. அடுத்த வருடம் விமானக் கண்காணிப்பு. அந்த விமானம் ஒவ்வொன்றிலும் மற்ற நாட்டு அதிகாரிகளும் ஏறிப் போவார்கள். கரையிலிருந்து மூன்று மைல்வரை ஒருவர் வானத்தில் மற்றவர் பறக்கலாம். இறையாண்மை என்றால் சிலிர்த்துக்கொள்ளும் நாடுகள் இதற்கு ஒத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை. 2006 ஆகஸ்டில் லாய்ட்ஸ் பட்டியலிலிருந்து மலாக்காவை எடுத்தது. 2008ல் தாய்லாந்தும் சேர்ந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் கிளர்ச்சி ஓய்ந்து சமாதானம் வந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் ரோந்துக் கப்பலின் விளக்கைப் பார்த்து எங்கள் கப்பலில் எல்லாருக்கும் மூச்சு சீரானது உண்மை.

இதற்கு அன்று ஆசியானில் இருந்த பத்து நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் யார் வாசலில் இருந்ததோ அவர்கள் மட்டும் கூடினார்கள். தென்சீனக் கடலிலும் வழி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இருபது வருடம் பேசி 2014ல் கடல் எல்லையைப் பிரித்துக்கொண்டன. இந்தோனேசியாவும் வியட்நாமும் பன்னிரண்டு வருடம் பேசி 2022 டிசம்பரில் முடித்தன. பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா மூன்றும் தங்களுக்குள் இருக்கும் தகராறை இதே மாதிரி முடிக்க வேண்டும். ஒருவன் திட்டுக்கு மற்றவன் உரிமை கொண்டாடிக்கொண்டே இருந்தால், பெரியவன் ஒவ்வொருவராகத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவான்.

நடத்தை விதிகள் எப்போது வரும்?
நாகர்கோவில்

தென்சீனக் கடலில் யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆசியானும் சீனாவும் 2002ல் புனோம் பென்னில் ஒரு பிரகடனம் போட்டார்கள். பின்னால் நடத்தை விதிகளையும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். 2018ல் ஒரே வரைவு என்ற அளவுக்கு வந்தது. 2023ல், மூன்று வருடத்துக்குள் முடிப்போம் என்றார்கள். அந்தக் கணக்குப்படி 2026. அந்த வருடத்துத் தலைமை பிலிப்பைன்ஸ் கையில். விதிகள் எந்தக் கடற்பரப்புக்குப் பொருந்தும், மீறினால் யாரிடம் போவது, வெளிநாட்டுப் படைகளோடு பயிற்சி செய்யச் சீனாவின் அனுமதி வேண்டுமா, இந்த மூன்றில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மூன்றையும் மழுப்பிவிட்டு ஒரு காகிதம் வருமானால், வராமலிருப்பதே மீனவனுக்கு நல்லது. பிடியில்லாத விதியைக் காட்டியே அவனை இன்னும் பத்து வருடம் காக்க வைப்பார்கள்.

போர் வருமா?
ஈரோடு

யாரும் திட்டமிட்டு வராது என்று நினைக்கிறேன். இரண்டு கப்பல் நெருங்கி ஓடும்போது நடக்கும் தவறுதான் என் பயம். ஆகஸ்ட் 11ல் மோதியவை இரண்டும் சீனக் கப்பல்கள். ஒன்று பிலிப்பைன்ஸ் கப்பலாக இருந்து, ஆள் செத்திருந்தால், ஒருவரைத் தாக்கினால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்ற 1951 அமெரிக்க ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிலா வாஷிங்டனுக்குப் போன் போட்டிருக்கும்.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
முதுகலை மாணவர், புதுச்சேரி

2016 தீர்ப்பிலிருந்து. ஏறத்தாழ 500 பக்கம், ஹேக் நடுவர் மன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஸ்கார்பரோ மீனவர்கள் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள், மசின்லோக் மீனவர்களின் வாக்குமூலங்களை அங்கே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அப்புறம் இந்தோனேசிய மொழி படியுங்கள். ரோமன் எழுத்துதான், ஒரு வருடத்தில் செய்தித்தாள் வாசிக்கலாம். நம் ஊரில் சீன மொழி படிக்க இன்று ஆள் இருக்கிறார்கள். ஜகார்த்தா என்ன நினைக்கிறது என்று அவர்கள் மொழியிலேயே படித்துச் சொல்ல ஆள் மிகக் குறைவு.